நாயின் மெய்ப்பாடுகள்: கடிக்கு முன் வரும் அறிவிப்பு

மனிதன் பழக்கிய விலங்குகளுள் மிகத் தொன்மையானது நாய். இன்றும் இந்தியாவின் நகரங்களிலும் கிராமங்களிலும் மக்களோடு நெருங்கி வாழும் விலங்குகளுள் அது முதன்மையானது. நாட்டில் ஏறத்தாழ 1.53 கோடி தெரு நாய்கள் இருப்பதாக 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு தெரிவித்தது. இந்நெருக்கத்திற்கு நாடு கொடுக்கும் விலை சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2022-23ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வு, ஆண்டுதோறும் சுமார் 91 இலட்சம் விலங்குக் கடிகள் நேர்வதாக மதிப்பிட்டது. அவற்றுள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டவை நாய்க்கடிகள். ரேபீஸ் எனப்படும் வெறிநோயால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் உயிரிழக்கின்றனர் என்பதும் அவ்வாய்வின் மதிப்பீடாகும்.

கடிபட்டவரைத் தடுப்பூசி காக்கிறது. ஆனால், கடி நேராமலே தடுப்பது அதனினும் நன்று. உடல்நலமுள்ள நாய் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிக் கடிப்பதில்லை. குரலாலும் உடலாலும் தன் மனநிலையை அது முதலில் வெளிப்படுத்துகிறது. அதனைப் புரிந்துகொள்ளும் அறிவு, பொதுச் சுகாதாரத்தின் மிகக் குறைந்த செலவுள்ள கருவிகளுள் ஒன்றாகும்.

டார்வின் கண்ட நெறி

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று தமிழ் இலக்கணம் கூறும். விலங்குகளின் மெய்ப்பாடுகளை அறிவியல் முறையில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் சார்லஸ் டார்வின். மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் முறை பற்றி 1872இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். பகை கொண்ட நாய் விறைத்து நிமிர்ந்து நிற்கிறது, வாலை உயர்த்துகிறது, முதுகு மயிர் சிலிர்க்கிறது. அதே நாய் தன் தலைவனைக் கண்டதும் உடலைத் தாழ்த்தி நெளிகிறது. காதுகளைப் பின்னுக்குச் சாய்க்கிறது. வாலைத் தாழ்த்தி ஆட்டுகிறது. எதிரெதிரான உணர்வுகள் எதிரெதிரான தோற்றங்களாக வெளிப்படும் என்பதே டார்வின் இதிலிருந்து வகுத்த நெறியாகும்.

குரலின் கூறுகள்

குரைத்தல், உறுமல், முனகல், ஊளை என நாயின் ஒலிகள் பலவகைப்படும். அமெரிக்க விலங்கியலார் யூஜீன் மார்ட்டன் 1977இல் பொதுவான ஒரு விதியை எடுத்துரைத்தார். பகைமை கொண்ட விலங்கு தாழ்ந்த, கரகரத்த ஒலியை எழுப்புகிறது. அச்சமோ இணக்கமோ கொண்ட விலங்கு உயர்ந்த, தெளிந்த ஒலியை எழுப்புகிறது. தாழ்ந்த ஒலி பெரிய உடலையும், உயர்ந்த ஒலி சிறிய உடலையும் நினைவூட்டுவது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

இவ்விதி நாயின் குரைப்புக்கும் பொருந்துவதை ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஆய்வுகள் காட்டின. மூடி என்னும் ஆட்டு மந்தை நாய்களின் குரைப்புகள் வெவ்வேறு சூழ்நிலைகளில் பதிவு செய்யப்பட்டன. அந்நியர் வீட்டை நெருங்குதல், விளையாட்டு, மரத்தில் தனியே கட்டப்படுதல் ஆகியவை அவற்றுள் சில. பதிவுகளைக் கேட்டவர்கள் தற்செயலாக ஊகித்திருந்தால் கிடைத்திருக்கும் அளவினும் கூடுதலாகச் சூழ்நிலையைச் சரியாகக் கூறினர் என்று 2005இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தாழ்ந்த குரலில் இடைவெளியின்றித் தொடரும் குரைப்பைச் சினமாகவும், உயர்ந்த குரலில் நீண்ட இடைவெளி விட்டு எழும் குரைப்பை அச்சமாகவோ தவிப்பாகவோ அவர்கள் உணர்ந்தனர். 2008இல் கணிப்பொறியிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டபோது, அது 43 விழுக்காடு குரைப்புகளின் சூழ்நிலையைச் சரியாக வகைப்படுத்தியது. குரலில் செய்தி உண்டு, ஆனால் முழுச் செய்தியும் குரலில் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

உடலின் குறிகள்

வாலாட்டும் நாய் கடிக்காது என்பது பரவலான நம்பிக்கை, அது சரியன்று. வாலாட்டம் மனக்கிளர்ச்சியை மட்டுமே உறுதியாகக் காட்டுகிறது. உடல் தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து அசையுமாறு வால் அகலமாக ஆடினால் அது நட்பு. உடல் விறைத்து, உயர்ந்த வால் குறுகிய வீச்சில் விரைவாக ஆடினால் அது எச்சரிக்கை. இத்தாலியின் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 நாய்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் மேலும் நுட்பமான வேறுபாடு ஒன்று புலப்பட்டது. வளர்ப்பவரைக் கண்டபோது வாலாட்டம் நாயின் வலப்புறம் மிகுந்தது; மேலாதிக்கம் காட்டும் அந்நிய நாயைக் கண்டபோது இடப்புறம் மிகுந்தது.

அச்சமுற்ற நாய் வாலைக் கால்களுக்கிடையே செருகும், உடலைக் குறுக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்பகுதி தெரியப் பார்க்கும். உணவில்லாதபோது உதட்டை நக்குவதும், தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவதும் மனநெருக்கடியின் குறிகளாகும். முன்கால்களை நீட்டித் தாழ்ந்து பின்னுடலை உயர்த்தும் நிலை விளையாட்டிற்கான அழைப்பாகும்.

இக்குறிகள் பெரும்பாலும் படிப்படியாக வலுக்கின்றன. முதலில் முகம் திருப்புதல், அடுத்து அசைவற்று நிற்றல், பின்னர் உறுமல், பல்லைக் காட்டுதல், இறுதியில் கடி. உறுமும் நாயை அடித்து அடக்குவது பயனற்றதோடு தீங்கும் ஆகும். உறுமக்கூடாது என்று நாய் கற்றுக்கொள்ளலாம். ஆனால், உறுமச் செய்த அச்சம் நீங்குவதில்லை. நடுவிலுள்ள எச்சரிக்கை அழிந்து, கடி மட்டும் எஞ்சும்.

குழந்தைகளும் களப்பணியாளர்களும்

குறிகளைப் படிக்கும் திறன் இயல்பாகவே எல்லாரிடமும் அமைந்துவிடுவதில்லை. பல்லைக் காட்டிச் சீறும் நாயின் முகத்தைச் சிறு குழந்தைகள் பலர் சிரிக்கும் முகமாகக் கருதுவதை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வுகள் கண்டன. முகத்தருகே முகம் வைத்துக் கொஞ்சும் குழந்தைக்கு முகத்திலேயே காயம் நேர்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டிகளுடன் இருக்கும் தாய் நாய், கட்டப்பட்டிருக்கும் நாய் ஆகியவற்றை நெருங்கலாகாது. நாய் நெருங்கி வந்தால் ஓடாமலும் அதன் கண்களை உற்று நோக்காமலும் அசையாமல் நிற்க வேண்டும். இவை தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கத்தக்க பாடங்கள். அஞ்சல்காரர், மின் அளவி படிப்பவர், கணக்கெடுப்பாளர் ஆகியோரின் பயிற்சியிலும் இவை இடம்பெறுதல் தகும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறுகின்றன. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22ஆம் நாள் பிறப்பித்த ஆணை, வெறிநோய் கண்டவை, அந்நோய் இருப்பதாக ஐயுறப்படுபவை, ஆக்கிரமிப்பு நடத்தை காட்டுபவை ஆகிய நாய்களை மீண்டும் தெருவில் விடுவதினின்று விலக்கியது. எனவே, எந்த நாய் ஆக்கிரமிப்பு மிக்கது என்று தீர்மானிக்கும் பொறுப்பு உள்ளாட்சிப் பணியாளரைச் சார்கிறது. வலையில் சிக்கிக் கூண்டில் அடைபட்ட நாய் உறுமுவது பெரும்பாலும் அச்சத்தினால். அந்நேரத்து நடத்தையை மட்டும் கொண்டு முடிவு செய்தால், அஞ்சிய நாய் வாழ்நாள் முழுதும் அடைபடும். உண்மையில் ஆபத்தான நாய் அமைதியாக இருந்து தப்பிவிடும். பிடிபடுவதற்கு முன் தன் தெருவில் அது நடந்துகொண்ட முறையும், கடித்த நிகழ்ச்சிகளின் சூழ்நிலையும் சேர்த்தே எடைபோடப்பட வேண்டும்.

தெரு நாயும் மனிதனின் குறிகளைக் கவனிக்கிறது. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ரா குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மூடிய இரு கிண்ணங்களுள் ஒன்று தெரு நாய்களுக்குச் சுட்டிக் காட்டப்பட்டது. ஏறத்தாழ பாதி நாய்கள் அருகே வரவில்லை. வந்தவற்றுள் சுமார் 80 விழுக்காடு, எவ்விதப் பயிற்சியுமின்றிச் சுட்டிய கையைப் பின்பற்றின.

அறிவின் எல்லை

வெறிநோய் கண்ட நாயிடம் மேற்கூறிய குறிகள் செல்லா. காரணமின்றிப் பாய்தல், குரல் மாறுதல், உமிழ்நீர் வடிதல், தாடை தொங்குதல் ஆகியவை அந்நோயின் அடையாளங்கள். ஒருவகை வெறிநோயில் நாய் சினம் காட்டாமல் சோர்ந்து கிடக்கும். அதனைப் பரிந்து தொடுவதும் ஆபத்தே. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனையை அடைந்து தடுப்பூசி பெற வேண்டும். நோய்க்குறிகள் தோன்றிய பின் அநேகமாக உயிர் பிழைப்பதில்லை.

நாய்வழிப் பரவும் வெறிநோயால் எவரும் இறவாத நிலையை 2030க்குள் எய்துவது 2021இல் வகுக்கப்பட்ட தேசியச் செயல்திட்டத்தின் குறிக்கோள். கோவா மாநிலத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி, நோய்க் கண்காணிப்பு, பள்ளிகளில் விழிப்புணர்வுக் கல்வி ஆகிய மூன்றும் இணைந்து செயல்பட்டபோது, நாய்களிடையே மாதந்தோறும் காணப்பட்ட வெறிநோய் நிகழ்வுகள் 92 விழுக்காடு குறைந்தன. முதல் இரண்டிற்கும் நிதியும் பணியாளரும் பெருமளவில் தேவை. மூன்றாவதற்கு வேண்டுவது ஒரு வகுப்பறையும், குறிகளை அறிந்த ஓர் ஆசிரியருமே.