அங்கோலா கண்ட அரசி நிசிங்கா

ஒரு நாட்டின் பெயருக்குள்ளேயே அதன் பழைய வரலாறு மறைந்து கிடப்பதுண்டு. ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அங்கோலா அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்நிலத்து இம்புந்து மக்கள் குலத்தலைமையின் சின்னமாகப் போற்றிய இரும்புத் துண்டுக்கு ‘இங்கோலா’ என்று பெயர். நாளடைவில் அதுவே மன்னனுக்குரிய பட்டமுமாயிற்று. முதலரசன் இரும்புத் தொழிலில் வல்ல கொல்லன் என்பது அவர்தம் மரபுக்கதை. இவ்வாறு எழுந்ததே இந்தோங்கோ இராச்சியம். மன்னனின் பட்டத்தைப் போர்த்துக்கேயர் நாட்டின் பெயராக வழங்க, அஃது அங்கோலாவென நிலைத்தது.

1575 ஆம் ஆண்டிலே போலோ டயஸ் என்பான் படையுடன் லுவாண்டாவில் வந்திறங்கினான். வெள்ளிச் சுரங்கம் உண்டென நம்பிப் போர்த்துக்கேயர் உள்நாடு புகுந்தனர், வெள்ளி கிடைக்கவில்லை. ஆயின் மனிதரைப் பிடித்துப் பிரேசில் நாட்டுத் தோட்டங்களுக்கு விற்பது பெரும் இலாபந் தந்தது. 1618 இல் தலைநகர் கபாசா வீழ்ந்தது. அதற்கு மறு ஆண்டிலேதான் நம் யாழ்ப்பாண இராச்சியமும் போர்த்துக்கேயர் வசமாயிற்று.

1622 இல் இந்தோங்கோ மன்னன் தன் சகோதரி நிசிங்காவைத் தூதாக லுவாண்டாவுக்கு அனுப்பினான். தேசாதிபதி ஆசனத்தில் அமர்ந்திருக்க, அவளுக்கு நிலத்திலே விரிப்பு மட்டும் இடப்பட்டதாம். அவள் சேடியொருத்தியை மண்டியிடச் செய்து, அவள் முதுகின்மேல் அமர்ந்து சமமாகப் பேசினாள் என அக்காலப் பாதிரியார் ஒருவர் எழுதிவைத்தார். வெல்லப்படாதவர் திறை செலுத்துவதில்லை என்பதே அவள் வாதம்.

1624 இல் ஆட்சிக்கு வந்த நிசிங்கா, நாட்டினின்றும் துரத்தப்பட்டும் சோர்ந்திலள். அயலிலுள்ள மத்தம்பாவைக் கைப்பற்றி அங்கிருந்து போரிட்டாள். 1641 இல் லுவாண்டாவைப் பிடித்த ஒல்லாந்தருடன் நட்புக் கொண்டாள். 1648 இல் அவர்கள் தோற்று வெளியேறிய பின்னும் அவள் பணியவில்லை. 1656 இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அப்போதும் திறை செலுத்த இணங்கினாளில்லை. 1663 இல், ஏறக்குறைய எண்பது வயதில், அரசியாகவே மறைந்தாள். இந்தோங்கோவின் இறுதிக் கோட்டை 1671 இல் வீழ்ந்தது.

எனினும் மாணவர்க்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. போரிற் சிறைப்பட்டோரை நிசிங்காவும் அடிமைகளாக விற்றாள். தன் தங்கையை மீட்கவும் அடிமைகளையே விலையாகக் கொடுத்தாள். தனக்கென ஆசனம் தேடியவள், அதற்காக வளைந்த முதுகை எண்ணிப் பார்த்தாளா? அவளது வீரத்தைப் போற்றுவோம். அந்த முதுகையும் மறவோம். 1975 இல் அங்கோலா விடுதலை பெற்றபோது, அரசியின் வழிவந்தோர் மட்டுமல்லர், பெயரறியா அச்சேடியின் வழிவந்தோருமே தலைநிமிர்ந்தனர் என்று கொள்வதே நமக்கு உவப்பானது.