குளியலறை விசிறி காற்றை எங்கிருந்து இழுக்கிறது?

உங்கள் இல்லத்துக் குளியலறையின் மேல்தளத்தைச் சற்று அண்ணாந்து பாருங்கள். மூலைகளில் கரும்புள்ளிகள் படர்ந்துள்ளனவா? வெள்ளையடித்த பூச்சு உப்பி உதிர்கின்றதா? காலையில் தொங்கவிட்ட துண்டு மாலையிலும் ஈர வாடையோடு இருக்கின்றதா? அவ்வாறெனில், நீராவி வெளியேற வழியின்றி அங்கேயே தேங்குகின்றது. ஐவேளையும் ஒளுச் செய்வது குளியலறையிலேயே நடைபெறும் வீடுகளில் தரை உலர்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. அக்கரும்புள்ளிகள் பூஞ்சைக் காளான். இளைப்பு நோயுள்ளோர் வாழும் வீட்டில் அதனை வெறும் அழுக்கென விட்டுவிடுதல் ஆகாது.

இதற்கெனவே எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்துகின்றோம். பொருத்திய பின்னும் ஈரம் போகவில்லையெனில், பெரிய விசிறி வாங்கக் கடைக்கு ஓடுவோர் பலர். பெரும்பாலும் குறை விசிறியின் அளவில் இருப்பதில்லை. உள்ளே வரும் அளவுக்குத்தான் காற்று வெளியே போகும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

வழக்கமாக நிகழ்வது இதுதான். வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளில் சிலவற்றைக் கழற்றி, அவ்விடத்தில் விசிறியை வைப்பார்கள். மீதிப் பட்டைகளைத் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். விசிறியோ பக்கத்து இடுக்கின் வழியே வெளிக்காற்றை இழுத்து, அதனையே மீண்டும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அறையின் நீராவி அசையாது, மின்சாரம்தான் வீண். எனவே, எஞ்சிய இடைவெளியைத் தகடு கொண்டு அடைத்துவிடுங்கள். கதவின் அடியில் நுழையும் காற்று, அறை முழுவதையும் கடந்து, எதிர்ச்சுவரின் உயரத்தில் உள்ள விசிறியை அடைய வேண்டும். அதற்குக் கதவின் கீழ் முக்கால் அங்குல இடைவெளியேனும் தேவை.

சோதித்துப் பார்ப்பது எளிது. விசிறியை ஓடவிட்டு, கதவைச் சாத்தி, வெளியே நின்று மெல்லிய காகிதத் துண்டைக் கதவடியில் பிடியுங்கள். அது உட்புறமாக இழுபட்டால் விசிறி ஒழுங்காக வேலை செய்கின்றது. அசையாவிட்டால், காற்று வேறு வழியில் வருகின்றது. அல்லது விசிறிக்கே வலுவில்லை.

அளவைப் பற்றியும் கூறிவிடுவோம். 8 அடி நீளம், 5 அடி அகலம், 9 அடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு 360 கன அடி. மணிக்கு 8 முதல் 10 முறை காற்று மாறினால் போதும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி நிமிடத்திற்கு 60 கன அடி தள்ளும் விசிறி போதுமானது. 6 அங்குல விசிறியே இதற்கு ஈடுகொடுக்கும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும். அங்கெல்லாம் பிளாஸ்டிக் உடல் கொண்டதே நீடித்து உழைக்கும். குளித்து முடித்த பின்னும் 20 நிமிடம் ஓடவிடுங்கள். 40 வாட் விசிறி 25 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட் செலவாகும்.

மின்னிணைப்பை மின்பணியாளரிடமே விடுங்கள். சுவிட்சு அறைக்கு வெளியே இருக்கட்டும். எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும்.

இனி, உயிரோடு தொடர்புடைய ஒரு செய்தி. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்போர், விசிறி இருப்பதால் அச்சமில்லை என்று எண்ணவே கூடாது. எரிவாயு எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. மூச்சு முட்டுவதை உணரும் முன்பே மயக்கம் வந்துவிடும். கீசருக்குப் புகைக்குழாய் இருந்தாலுங்கூட, காற்று நுழைய வழியில்லாத அறையில் ஓடும் விசிறி, அக்குழாய் வழியே செல்லும் நச்சுப்புகையைத் திரும்ப உள்ளே இழுக்கக்கூடும். கேஸ் கீசருக்கு உரிய இடம் குளியலறைக்கு வெளியே, திறந்தவெளிதான்.

பழுதுகளில் பெரும்பாலானவை சிறியவையே. இரைச்சல் மிகுந்தால், இறக்கைகளில் ஏறிய தூசியையும் தளர்ந்த திருகாணிகளையும் பாருங்கள். ரீங்கார ஓசை மட்டும் எழுந்து விசிறி சுழலாவிட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால், பெரும்பாலும் கெபாசிட்டர் பழுதாகியிருக்கும். அதை மாற்றினால் போதும். இறுக்கமாக இருந்தால் புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது பிசுக்கு அடைத்திருக்கலாம். விசிறி நன்றாகச் சுழன்றும் காகிதம் அசையவில்லையா? வெளிப்புற மூடிகளைப் பாருங்கள். அவை துருவேறித் திறவாமல் நின்றிருக்கும், இல்லையேல் புறா கூடு கட்டியிருக்கும்.