பிழையின் அளவைத் தீர்மானிக்கும் நொதி

டி.என்.ஏ. நகலாகும்போது நேரும் பிழைகளை வெறும் தற்செயல் என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். ஒவ்வொரு பிழையும் தற்செயல்தான்; ஆனால் மொத்தத்தில் எத்தனை பிழை மிஞ்சும் என்பது அப்படியல்ல, அது நொதியின் அமைப்பைப் பொறுத்தது. ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸ் இதற்கு நல்ல சான்று. அதன் டி.என்.ஏ.வில் உள்ள ஏறத்தாழ 1,69,000 கார இணைகளையும் நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியில் இரண்டு வேலைத்தளங்கள் உண்டு. ஒன்று வளரும் இழையில் நியூக்ளியோடைடுகளைக் கோக்கிறது. தவறானது சேர்ந்துவிட்டால் இழையின் நுனி எதிரிழையோடு பொருந்தாமல் விலகி, மற்றொரு தளத்துக்குள் நுழைகிறது. அங்கே அந்தத் தவறு வெட்டி நீக்கப்படுகிறது.

இந்த நொதிக்குரிய 43ஆம் மரபணுவில் பிறழ்வு நேர்ந்தால் மற்ற மரபணுக்களிலும் பிறழ்வுகள் பெருகுகின்றன என்பதை 1965இல் ஜோசப் ஸ்பேயர் காட்டினார். அதே மரபணுவின் வேறு சில பிறழ்வுகள் பிழைகளைக் குறைப்பதை ஜான் டிரேக் குழுவினர் அடுத்த சில ஆண்டுகளில் கண்டனர். காரணத்தை 1972இல் மாரிஸ் பெஸ்மனின் ஆய்வகம் அளந்து சொன்னது: பிழை மலிந்த நொதியில், கோக்கும் வேகத்தோடு ஒப்பிட வெட்டும் வேகம் குறைவு, பிழை குறைந்த நொதியில் அது மிக அதிகம். பின்னாளில் வெட்டும் தளத்தின் 112, 114ஆம் அமினோ அமிலங்களை மட்டும் மாற்றிப் பார்த்தபோது, கோக்கும் வேலை நிற்கவில்லை. பிறழ்வுகளோ நூற்றுக்கணக்கான மடங்கு கூடின.

இன்னும் துல்லியமான நொதி சாத்தியம் என்றால் வைரஸ் ஏன் அதை வைத்துக்கொள்ளவில்லை? பரிணாமத்துக்குப் பிழைகள் தேவை என்ற விடை எனக்குப் போதவில்லை. இயற்கைத் தேர்வு எதிர்காலத்துக்குச் சேமித்து வைப்பதில்லை; பிறழ்வுகளில் நன்மை தருபவை மிகச் சில. செலவுதான் பொருத்தமான காரணம்: அளவுமீறி வெட்டும் நொதி சரியான நியூக்ளியோடைடுகளையும் வெட்டி வீணாக்குகிறது. நொதியே பிழையின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இந்தக் கேள்வியைவிட வலுவான மறுப்பு டிரேக்கிடமிருந்தே வந்தது. பிழை குறைந்த நொதிகள் முக்கியமாக அடினின்-தைமின் இணை குவானின்-சைட்டோசினாக மாறுவதையே தடுக்கின்றன. மற்ற வகைப் பிழைகள் பெரிதாகக் குறைவதில்லை, சில கூடவும் செய்கின்றன. ஆகவே துல்லியம் ஒரே அளவுகோலில் ஏறி இறங்குவதல்ல என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனாலும் பிழை வேதியியலின் மாறாத எல்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அப்படியிருந்தால் ஓர் இணைக்கு நேரும் பிழை எல்லா உயிர்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டி4இலோ அது ஈஸ்ட்டைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். ஈஸ்ட்டில் நகலெடுத்தபின் திருத்தும் வேறு நொதிகளும் உண்டு என்பது உண்மை. டி4 வைரஸுக்கு அத்தகைய உதவி இல்லை; அதனால்தான் பாலிமரேஸில் ஓர் அமினோ அமிலம் மாறினாலும் அதன் விளைவு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறது.