கேட்பதற்கென்றே சம்பளம்!

தொழிற்சாலையில் சிலர் இயந்திரம் ஓட்டுவார்கள். சிலர் கணக்கு எழுதுவார்கள். சிலர் மேற்பார்வை பார்ப்பார்கள். ஆனால், தொழிலாளர்களின் மனக்குறைகளைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே சிலருக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு தொழிற்சாலை. "இன்னார் இன்னது சொன்னார்" என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை!

அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டி சிசரோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்தது ஹாதார்ன் தொழிற்சாலை. அது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமானது. டெலிபோன் கருவிகள் அங்கே தயாராயின. 1929-ம் ஆண்டு வாக்கில் சுமார் 40 ஆயிரம் பேர் அங்கு வேலை பார்த்தார்கள்.

21 ஆயிரம் பேர் பேசினார்கள்

தொழிலாளர்களின் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய 1928-ம் ஆண்டில் நிர்வாகம் ஆசைப்பட்டது. மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க அது உதவும் என்று எண்ணியது. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேட்டி கண்டார்கள். முதலில் ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருந்தார்கள். தொழிலாளர்களோ, கேட்டதை விட்டுவிட்டு, தங்கள் மனதை அழுத்திய வேறு எதையோ பேசினார்கள்.

1929-ல் கேள்விப் பட்டியலைக் கைவிட்டார்கள். அவரவர் போக்கில் பேச விட்டார்கள். அரை மணி நேரத்தில் முடிந்த பேட்டி, ஒன்றரை மணி நேரம் வரை நீண்டது! 1930-க்குள் 21 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் பேசிவிட்டார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்டன் மேயோ இதை ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர். பேட்டி காண்போர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு விதிகள் வகுத்தார்கள். எதிராளியோடு வாதாடக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது. அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். சொல்லத் தயங்குவதையும் புரிந்துகொள்ள வேண்டும். கேட்டது காதோடு இருக்க வேண்டும்.

கோபத்தின் காரணம்

ஒரு பெண் தொழிலாளிக்கு அவளுடைய மேற்பார்வையாளரைக் கண்டாலே பிடிக்காது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. பேட்டியில் பேசிக்கொண்டே வந்தபோது ஓர் உண்மை அவளுக்குப் புலப்பட்டது. அவள் வெறுத்த மாற்றாந்தகப்பனின் சாயல் அந்த மேற்பார்வையாளரிடம் இருப்பதாக அவள் மனம் நினைத்திருந்தது! அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள்.

இன்னொரு பெண், கம்பெனிச் சாப்பாடு மோசம் என்று குறை சொன்னாள். பிறகு, "நீங்கள் சொன்னதால்தான் சாப்பாடு சரியாயிற்று" என்ற பொருள்பட நன்றி தெரிவித்தாள். வேடிக்கை என்னவென்றால், நிர்வாகத்திடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாடும் மாறவில்லை!

இந்த இரண்டு சம்பவங்களையும் மேயோ எழுதி வைத்திருக்கிறார்.

பொருளாதார மந்தம் வந்ததும் பேட்டி நின்றது. 1936-ல், அதே முறையில் நிரந்தரமான ஆலோசனைப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆலோசகர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. தொழிலாளர்களிடையே சென்று பழகுவார்கள், பேசுவதைக் கேட்பார்கள். இந்த ஏற்பாடு 1956 வரை, 20 ஆண்டுகள் நடந்தது.

குறை தீர்ந்ததா?

கடன் தொல்லை, குடும்பச் சண்டை, குடிப்பழக்கம் ஆகியவற்றை ஒருவர் மனம் விட்டுச் சொல்கிறார். அது மேலதிகாரியின் காதுக்குப் போனால் என்ன ஆகும்? பதவி உயர்வு தடைப்படலாம். வேலைக்கே ஆபத்து வரலாம். அதைக் கண்ட மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா? ரகசியம் போனால், எல்லாம் போயிற்று.

ஆனால், ரகசியம் மட்டும் போதுமா? ஹாதார்ன் ஏற்பாட்டை ஆராய்ந்த வில்லென்ஸ்கி தம்பதியர், 1951-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொழிலாளர்களின் மனக்கொதிப்பு ஆலோசகரோடு அடங்கிவிடுவது நிர்வாகத்துக்கே சாதகம் என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அதில் நியாயம் உண்டு. மாற்றாந்தகப்பனை நினைத்து வந்த கோபம், பேசினால் தணியும். சாப்பாடு உண்மையிலேயே மோசமாக இருந்தால்? யாராவது சமையல்கூடத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும்! ரகசியம் காக்கும் ஆலோசகர் அங்கே போக முடியாது. ஆகையால், மனச்சுமையை இறக்க ஒரு காது வேண்டும். வேலையிடத்துக் குறையைத் தீர்க்கத் தொழிற்சங்கமோ, நலன் அதிகாரியோ தனியாக வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை விட்டுவிடக்கூடாது.

முதலில் கேட்கவேண்டியவை

இன்று பல கம்பெனிகள் இந்த வேலையை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. தொழிலாளி டெலிபோனிலோ, நேரிலோ பேசலாம். செலவு கம்பெனியுடையது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் கம்பெனிக்குப் போகும், பெயர் போகாது. பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு.

ஆனாலும், பேசத் தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. நான் சொல்வது யாருக்குத் தெரியும்? எழுதி வைக்கும் குறிப்பு யாரிடம் இருக்கும்? எந்தச் சமயத்தில் ரகசியத்தை வெளியே சொல்வீர்கள்? உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுபவரே நல்ல ஆலோசகர்.

இந்தியாவில், மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக இருக்கவேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. பிறர் உயிரைக் காப்பது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

வேலை செய்யும் இடத்தில் ஆலோசகர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" உதவி இருக்கிறது. 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்த நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம்.