ஜன்னல் வழியே யாகிதோரி

ஜப்பானில் ரயில் நிலையத்திலிருந்து வீடு திரும்பும் வழிகளில், குடியிருப்புகளுக்கு நடுவே, ஒரு ஜன்னல் அகலமே உள்ள யாகிதோரிக் கடைகளைப் பார்க்கலாம். ‘யாகி’ என்றால் சுட்டது, ‘தோரி’ என்றால் பறவை. சின்னச் சின்னக் கோழித்துண்டுகளை மூங்கில் குச்சியில் கோர்த்துக் கரித்தணலில் சுட்டுத் தருகிறார்கள். உள்ளே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பீர் குடிக்க இடம் இருக்கும். சில கடைகளில் அதுவும் கிடையாது. சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் எது எத்தனை குச்சி என்று சொல்லிவிட்டுக் காத்திருந்து வாங்கிப் போகிறார்கள். ‘மோச்சிகாயேரி’ என்பது இதற்கு அங்குள்ள பெயர். நம் பேச்சில் பார்சல். சுவை அறிந்தவர்கள் பலர் இந்தப் பார்சலை ஒரு படி கீழாகவே வைக்கிறார்கள். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, குச்சி கைக்கு வந்த நொடியில் கடித்தால்தான் யாகிதோரி என்பது அவர்கள் கட்சி. சிறிய கடையைப் பொறுத்தவரை இது சரியான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வாங்கிப் போகும் யாகிதோரிக்கு அதற்கே உரிய சுவையும் நியாயமும் உண்டு. எதை வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வரலாறு. யாகிதோரி உணவகத்து மேசையில் பிறந்ததில்லை. 1868-இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் கோழிக்கறி விலை உயர்ந்த பண்டம். பெரிய கோழி உணவகங்கள் நல்ல கறியை எடுத்துக்கொண்டபின் மிஞ்சிய குடலையும் ஈரலையும் குருத்தெலும்பையும் தள்ளுவண்டிக்காரர்கள் வாங்கி, குச்சியில் கோர்த்து, வாடை தெரியாமலிருக்க இனிப்பும் உப்புமான அடர்ந்த சாற்றில் முக்கிச் சுட்டு விற்றார்கள். நின்றுகொண்டோ நடந்துகொண்டோ உழைப்பாளிகள் தின்ற பண்டம் இது. 1960-களில் பிராய்லர் கோழி பரவியபிறகுதான் நல்ல தொடைக்கறி சாதாரணக் கடையின் குச்சிக்கு வந்தது. நாற்காலி பின்னால் வந்து சேர்ந்தது, தெரு முந்தையது. ஆக, ஜன்னல் வழியே வாங்கிப் போகிறவரே இந்த உணவின் மூத்த வாடிக்கையாளர்.

ஆனாலும் சூட்டைப் பற்றிய மறுப்பை அப்படியே தள்ளிவிட முடியாது. அந்த அடுப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். கறி தணலுக்கு மேலும், குச்சியின் முனைகள் விளிம்புக்கு வெளியிலும் வரும்படியான அகலம். தேர்ந்த கடைகளில் ‘பின்ச்சோதான்’ கரி எரியும். உபாமே என்ற ஒருவகை ஓக் மரத்தை எரித்துச் செய்வது. வாகாயாமா மாநிலத்தின் கிஷூ கரிக்குத் தனிப் பேர் உண்டு. தட்டினால் உலோகம்போல் கணீரென்று ஒலிக்கும்; புகையும் சுவாலையும் குறைவு, அனல் அதிகம். கோழியின் கொழுப்பு சொட்டுச் சொட்டாகத் தணலில் விழுந்து புகையாக எழுந்து கறியிலேயே படிகிறது. இந்த அனலில் சுட்ட தோல் அப்பளம்போல் நொறுங்கும். மூடிய பெட்டிக்குள் போனால் சில நிமிடங்களிலேயே தன் ஆவியில் தானே நனைந்து தொய்ந்துவிடும். உப்பு மட்டும் தூவிய ‘ஷியோ’ வகைத் தோலையும் மார்புக்கறியையும் பார்சல் வாங்கிவிட்டு ஏமாந்தால் பழி கடையைச் சேராது.

ஆனால் ‘தாரே’ வகையின் கதை வேறு. சோயா சாறு, மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சர்க்கரை எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய சாறு அது. பாதி வெந்த குச்சியைப் பானையில் முக்கி, மறுபடி தணலில் காட்டி, மறுபடி முக்குவார்கள். ஒவ்வொரு முக்கலிலும் கோழியின் சாரம் கொஞ்சம் பானையில் இறங்குகிறது. பல கடைகளில் அந்தப் பானையை முழுதாகக் காலி செய்வதே இல்லை. குறையக் குறையப் புதுச்சாறு ஊற்றி நிரப்புகிறார்கள். இப்படிப் பூசிய கறி ஆறினாலும் சுவை கெடாது. சாறு உள்ளே ஊறுகிறது. தொடைக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் இருப்பதால் அது எளிதில் வறளாது. தொடைத்துண்டும் ‘நெகி’ என்ற நீள வெங்காயமும் மாறி மாறி வரும் நெகிமா, கொத்துக்கறி உருண்டையான சுகுனே, ஈரல் ஆகியவை பயணம் தாங்கும். வீட்டில் குச்சியின் வெறும் முனையில் அலுமினியத் தாள் சுற்றி, சிறிய அடுப்புப்பெட்டியில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் மேற்பூச்சு மீண்டும் பளபளக்கும். வாங்கிய மாலையே சாப்பிட்டுவிட வேண்டும். கோழி விஷயத்தில் நாளைக்கு என்று எடுத்துவைப்பது வேண்டாம்.

சுவையைவிட என்னைக் கவர்வது விற்கும் அளவு. ஒரு குச்சிதான் கணக்கு. தனியாக இருக்கும் முதியவர் இரண்டு குச்சி வாங்கலாம். நால்வர் வீட்டுக்குப் பன்னிரண்டு. புகையும் மதுவும் நிறைந்த உள்ளறைக்குக் குழந்தையைக் கூட்டிப்போகத் தயங்கும் தாய் ஜன்னலில் தயங்க வேண்டியதில்லை. உள்ளே குடிப்பவர்க்கும் வீட்டில் சோறு தின்பவர்க்கும் ஒரே தணல். வரியும் எடுத்துப்போகிறவர்களுக்குத்தான் சாதகம்: 2019 அக்டோபர் முதல் கடையில் அமர்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், எடுத்துப்போனால் 8.

இதே பண்டம் சூப்பர் மார்க்கெட்டிலும் பெட்டிக்கடைச் சங்கிலிகளிலும் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். தொடைக்கறி மட்டும் போதுமென்றால் அது நியாயமான கேள்வி. ஆனால் ‘போன்ஜிரி’ என்ற வால்கறி கோழிக்கு ஒன்றுதான். நான்கு துண்டு கோர்த்த குச்சிக்கு நான்கு கோழி. இதயமும் அப்படியே. கழுத்துக்கறி, இரைப்பை, குருத்தெலும்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அரிந்து, ஒரே சீராக வேகும்படி துண்டுகளை அளவுபார்த்துக் கோர்ப்பது கைவேலை. குச்சி கோர்க்க மூன்று ஆண்டு, சுடக் கற்க ஆயுள் முழுதும் என்று அந்தத் தொழிலில் ஒரு சொலவடையே உண்டு. நம் பணம் அந்தக் கைக்குப் போகிறது.

பார்சலுக்கென்றே யோசித்துச் செய்த யாகிதோரியும் இருக்கிறது. வடக்கே ஹாகோதாதே ஊரில் ‘ஹாசேகாவா ஸ்டோர்’ என்ற உள்ளூர்ச் சங்கிலி, கேட்டபிறகே சுட்டு, சோற்றின்மேல் கடற்பாசித் தாள் விரித்து அதன்மேல் குச்சிகளை அடுக்கித் தருகிறது. பெயர் யாகிதோரி என்றாலும் கறி பன்றிக்கறி. அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெட்டியின் விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். குச்சியை அதில் பொருத்தி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால் குச்சி மட்டும் வெளியே வரும், கறி சோற்றிலேயே தங்கும். கோழிக்கடைப் பார்சலையும் இப்படியே உருவிப் போடலாம். குச்சியிலிருந்து கறியைக் கழற்றினால் முகம் சுளிக்கும் கடைக்காரர்கள் உண்டு. வீட்டில் அந்தக் கவலை இல்லை. சுடுசோற்றின்மேல் நெகிமாவை உதிர்த்து, பொட்டலத்தின் அடியில் தேங்கிய தாரேயை வழித்து ஊற்றி, ஒரு சிட்டிகை ஷிச்சிமி மிளகாய்ப்பொடி தூவிக்கொள்ளலாம்.