மோதிரம் ஏன் இறுகுகிறது?



மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. அதில் கட்டி உண்டாகி வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் விரல்கள் தடித்து மோதிரம் இறுகும். செருப்பு அளவும் மாறும்.

“எங்கள் பாவமா, ஐயா?” என்று குத்தம்பாக்கத்துத் தாய் ஒருவர் கேட்டார். இல்லை அம்மா. பெரும்பாலும் பிறந்தபின் ஒரே ஓர் உயிரணுவில் நேரிடும் மாற்றமே காரணம். இவ்வகைக் கட்டிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் ஜிஎன்ஏஎஸ் மரபணு பழுதாகி, அணைக்க முடியாத சுவிட்சைப்போல் ‘பெருகு’ என்று கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறது. 1989-ல் கண்டறிந்தது இது. பிள்ளைகளுக்குச் செல்வதில்லை.

குடும்பவழியாய் வருபவை சிலவே. 2006-ல் அறியப்பட்ட ஏஐபி மரபணுப் பழுது அவற்றில் ஒன்று. 1783-ல் மரித்த அயர்லாந்து இராட்சதர் சார்லஸ் பைர்னின் பற்களில் 2011-ல் அதையே கண்டார்கள். (கோலியாத்தைப்பற்றிக் கேட்கிறீர்கள், வேதம் உயரத்தை மட்டும் சொல்லுகிறது.) அப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளை மளமளவென்று வளர்ந்தால் பெருமைப்படாமல் மருத்துவரிடம் அழைத்துவாருங்கள்.