மூச்சின் வழி – 11: நீலக் குழலின் சாட்சி

மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குவது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். வீக்கத்தைத் தணிக்கிற மருந்தும் அடைத்த மூச்சை அந்த நேரத்துக்குத் திறந்துவிடுகிற மருந்தும் ஏன் வேறு வேறு என்பதையும் பார்த்தோம். அந்த இரண்டு இன்ஹேலர்களையும் இப்போது ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறேன். வீடு என்னுடையதுதான்.

அம்மாவுக்கு முப்பது வருட இளைப்பு. அடைத்த மூச்சைத் திறந்துவிடுகிற நீல நிற அஸ்தாலின் இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் எப்போதும் இருக்கும். கோயிலுக்குப் போனாலும், பக்கத்துத் தெருவில் வளைகாப்புக்குப் போனாலும் அது கூடவே போகும். இன்னொன்று, தினமும் இரண்டு வேளை இழுக்க வேண்டியது, சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் அவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "தினசரி மருந்தை விடாம இழுக்கறீங்களாம்மா?" அம்மாவும் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வார்: "ரெண்டு வேளையும் இழுக்கறனுங்க டாக்டர்."

ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு வந்த அன்று, மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று வீரியத்தைக் கூட்டி எழுதியிருந்தார் மருத்துவர். புதியதை வாங்கி வந்து பழையதைக் குப்பையில் போடப் போனபோது அதன் முதுகில் இருந்த சின்ன எண் கண்ணில் பட்டது. 84. மொத்தம் 120 முறை அழுத்தலாம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் முப்பது நாளில் பூஜ்யமாகியிருக்க வேண்டும். வாங்கி முப்பது நாள் தாண்டியிருந்தது. அம்மா இழுத்தது 36 முறை, அதாவது ஒன்பது நாள் மருந்து.

கேட்டேன். "மூச்சு நல்லாத்தானே கண்ணு இருக்குது, அப்புறம் எதுக்கு அதைப் போட்டு இழுத்துக்கிட்டு? பழகிப் போச்சுன்னா அது இல்லாம முடியாதுங்கறாங்க" என்றார். அம்மாவுக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. மருத்துவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகச் சொன்ன பதில் அது. ஆனால் அந்த ஒரு பதிலை நம்பித்தான் அவருக்கு இன்னும் வீரியமான மருந்து எழுதப்பட்டது.

இதை அம்மாவின் தனிக் குணமென்று பல காலம் நினைத்திருந்தேன். பிறகுதான் அமெரிக்காவின் 'லங் ஹெல்த் ஸ்டடி' பற்றிப் படித்தேன். நுரையீரல் அடைப்பு நோயின் தொடக்கத்தில் இருந்த புகைப்பழக்கக்காரர்களிடம் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய பெரிய ஆய்வு அது. அதில் பங்கேற்ற சிலருக்குக் கொடுத்த இன்ஹேலரில், ஒவ்வொரு அழுத்தலின் தேதியையும் நேரத்தையும் பதிவு செய்யும் கருவி இருந்தது. அது எதைப் பதிவு செய்கிறது என்று அவர்களிடம் சொல்லவில்லை. கருவியைத் திறந்து பார்த்தபோது, பத்தில் ஏறத்தாழ மூன்று பேர் மூன்று மணி நேரத்துக்குள் நூறு முறைக்கு மேல் அழுத்தியிருந்தார்கள். பெரும்பாலும் மருத்துவமனைக்கு வர வேண்டிய நாளை ஒட்டி. குப்பி காலியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மருந்தைக் காற்றில் அடித்துத் தீர்த்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. "ஒழுங்காக எடுத்தாயா?" என்ற கேள்விக்கு ஒரு மனிதன் எவ்வளவு பயப்படுகிறான் என்பதுதான் மனதில் தைத்தது.

தினசரி மருந்தை மறப்பதற்குக் காரணம் அந்த மருந்திலேயே இருக்கிறது. நீலக் குழலை இழுத்தால் சில நிமிடங்களில் நெஞ்சு லேசாகிவிடும், அதன் உதவி உடனே தெரியும். ஸ்டீராய்டு கலந்த தினசரி மருந்தை இன்று இழுத்தால் இன்று எதுவும் தெரியாது. நாலு நாள் விட்டாலும் எதுவும் தெரியாது. வீக்கம் சத்தமில்லாமல் திரும்பி வரும். ஒரு பனிக்கால விடியலிலோ பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கும் நாளிலோ மூச்சு சட்டென்று அடைக்கும்போது, விட்டுப்போன அந்த நாலு நாள் யாருக்கும் நினைவிருக்காது. கை நீலத்தைத்தான் தேடும்.

நீலத்தை மட்டும் நம்பி வாழ்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. 195 மரணங்கள். இறந்தபோது நீல வகை மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில், முந்தைய ஓராண்டு மருந்துச் சீட்டு விவரம் கிடைத்தவர்கள் 165 பேர். அவர்களில் 39 சதவீதம் பேருக்கு அந்த ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நீலக் குழல்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. மாதம் ஒன்றுக்கு மேல்! அத்தனை சீட்டுகளும் ஏதோ ஒரு கணினியில் பதிவாகித்தான் இருந்தன. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு 2019-ல் தன் பழைய அறிவுரையை மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல வகை மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்றது. ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் நீலக் குழல் காலியானால் நோய் மோசமாகும் ஆபத்து கூடுகிறது என்பது அதன் கணக்கு.

கைப்பேசி இந்தக் கதைக்குள் வருவதற்கான வழி திறப்பது இங்கேதான். அம்மாவின் குப்பியில் தற்செயலாக நான் பார்த்த 84 என்ற எண்ணை, தினமும், தேதியோடும் நேரத்தோடும் பார்க்க முடிந்தால்?

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அதைச் செய்து பார்த்தார்கள். ஆஸ்துமா முற்றி அவசர சிகிச்சைக்கு வந்த 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 220 பேர். எல்லோருடைய தினசரி இன்ஹேலரிலும் எண்ணும் கருவி பொருத்தப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அந்தக் கருவி மருந்து வேளையில் ஒலி எழுப்பி நினைவூட்டியது. ஆறு மாதம் கழித்து, 2015-ல் வெளியான முடிவு: நினைவூட்டல் இருந்த பிள்ளைகள் சொன்ன மருந்தில் 84 சதவீதத்தை எடுத்திருந்தார்கள். இல்லாதவர்கள் 30 சதவீதம். அவசர சிகிச்சைக்கு வந்து மீண்ட பிள்ளைகளின் வீட்டிலேயே மூன்றில் ஒரு பங்கு மருந்துகூட உள்ளே போகவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். நினைவூட்டல் கிடைத்தவர்களின் ஆஸ்துமாவும் கட்டுக்குள் வந்தது. ஆனால் பள்ளிக்கு வராத நாட்களில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் நடந்த இதுபோன்ற ஆய்விலும் நினைவூட்டல் உள்ளவர்கள் 70 சதவீதம், இல்லாதவர்கள் 49. அங்கே அறிகுறிகளின் மதிப்பெண் மாறவில்லை. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது குறைந்தது.

இத்தோடு நின்றிருந்தால் இது மணியடித்து மாத்திரை கொடுக்கும் கதையாக முடிந்திருக்கும். இதை நான் எழுத விரும்பியதற்குக் காரணம் வேறு. அதற்கு பார்சிலோனா துறைமுகத்துக்குப் போக வேண்டும்.

1981 முதல் 1987 வரை அந்த ஊரில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் அவசர சிகிச்சைப் பிரிவுகள் மூச்சுத் திணறியவர்களால் திடீரென்று நிரம்பின. மறுநாள் எல்லாம் பழையபடி. பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. திரும்ப ஒரு நாள் கூட்டம், சிலர் இறந்தும் போனார்கள். மொத்தம் 26 நாட்கள். வண்டிப் புகை, தொழிற்சாலைப் புகை என்று தேடினார்கள், பொருந்தவில்லை. ஜோசப் மரியா அந்தோவும் ஜோர்டி சுன்யேரும் அடங்கிய குழு, நோயாளிகளுக்கு மூச்சு முட்டிய இடங்களை வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் துறைமுகத்தை ஒட்டிக் குவிந்தன. கப்பல் வந்த நாட்களோடு ஒப்பிட்டார்கள். 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அப்படி வந்த 13 நாட்களிலும் சோயாபீன்ஸ் இறங்கியிருந்தது! துறைமுகத்தின் தானியக் கிடங்குகளில் ஒன்றில் தூசி வடிகட்டி இல்லை. காற்று லேசாக ஊர்ப்பக்கம் வீசிய நாட்களில் சோயாத் தூள் வீடுகளுக்குள் போயிருக்கிறது. வடிகட்டி போட்டதும் அந்தக் கொள்ளைநோய் நின்றது. கண்டுபிடிக்க எடுத்தது ஆறு ஆண்டுகள்.

அந்த 26 நாட்களிலும் மூச்சு முட்டிய பலரும் முதலில் நீலக் குழலைத்தான் எடுத்திருப்பார்கள். அந்தக் குழல்களுக்கு நேரமும் இடமும் தெரிந்திருந்தால்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் டேவிட் வான் சிக்கிள். மருத்துவ மானிடவியல் படித்தவர். அமெரிக்காவின் நவாஹோ மக்களிடமும் இந்தியாவிலும் ஆஸ்துமாவை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் கொள்ளைநோய்த் துப்பறிவாளராக வேலை பார்த்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் 2010-ல் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னால் 'ப்ரொப்பெல்லர் ஹெல்த்' என்று பெயர் மாறியது. இன்ஹேலரின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொள்ளும் ஒரு சின்ன உணரிதான் அவர்கள் செய்தது. அழுத்தினால் அது புளூடூத் வழியாகக் கைப்பேசிச் செயலிக்குச் சொல்லும். செயலி நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளும், தினசரி மருந்து தவறினால் ஞாபகப்படுத்தும்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் இதை ஊர் அளவில் முயன்றது. ஒஹையோ நதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர், அழுக்குக் காற்று எளிதில் வெளியேறாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செயற்கை ரப்பர் செய்ய வந்த ஆலைகளால் 'ரப்பர்டவுன்' என்றே ஒரு பகுதிக்குப் பெயர். நகர நிர்வாகம், ஒரு தனியார் அறக்கழகம், ப்ரொப்பெல்லர் நிறுவனம் மூன்றும் சேர்ந்து ஆயிரத்துக்கும் அதிகமான ஆஸ்துமாக்காரர்களின் குழல்களில் உணரியைப் பொருத்தின. 2018-ல் வெளியான முடிவின்படி அவசரக் குழலைத் தொடுவது 78 சதவீதம் குறைந்தது, அறிகுறியில்லாத நாட்கள் 48 சதவீதம் மேம்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்க உணரி இல்லாத இன்னொரு குழு இந்த ஆய்வில் கிடையாது. ஆகவே அந்த 78-ஐ நான் அப்படியே விழுங்க மாட்டேன். திணறல் உச்சத்தில் இருக்கும்போது சேர்ந்தவர்களுக்கு எப்படியும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது. எந்த நேரத்தில், எந்தத் தெருவில் குழல்கள் அழுத்தப்பட்டன என்ற பதிவைக் காற்று மாசு அளவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். அதிலிருந்து நகரத்துக்குப் பரிந்துரைகள் பிறந்தன: மரங்களைக் கூட்டுங்கள், லாரிகள் போகும் வழியை மாற்றி யோசியுங்கள், புகை கக்கும் இடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், காற்று கெடும் நாளில் ஆஸ்துமாக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். "நீ ஏன் மருந்து இழுக்கவில்லை?" என்று நோயாளியை நோக்கி நீண்டிருந்த விரல், அதே எண்களைக் கொண்டு ஊரின் பக்கமும் திரும்பியது. அம்மாவைக் கேட்ட கேள்வியை இத்தனை வருடத்தில் அவர் வீட்டு வாசலில் போகும் புகையிடம் யாரும் கேட்டதில்லை.

சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. உணரி எண்ணுவது அழுத்தலை மட்டும்தான். மருந்து நெஞ்சுக்குள் போனதா, தொண்டையில் படிந்ததா என்று அதற்குத் தெரியாது. இழுக்கும் வேகத்தையும் அளக்கும் குழல் ஒன்றுக்கு டேவா நிறுவனம் 2018 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024-ல் விற்பனையை நிறுத்திவிட்டது. உடலைப் பற்றிய வருடக்கணக்கான பதிவு ஒரு கம்பெனியின் வியாபார முடிவைச் சார்ந்திருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நாம் எங்கே மூச்சு முட்டினோம் என்பது நாம் எங்கே இருந்தோம் என்பதும்தான். அந்தத் தகவல் யார் கைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் செயலியை இறக்க வேண்டும்.

இந்தியாவில் ஆஸ்துமாக்காரர்கள் மூன்று கோடிக்கும் மேல். 2019-க்கான உலக நோய்ச் சுமைக் கணக்கின்படி ஆஸ்துமாவால் உலகில் இறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேராவது இந்தியர்கள். நோயாளிகளில் நம் பங்கு ஏழில் ஒன்றுகூட இல்லை, இறப்பில் இவ்வளவு. "இன்ஹேலர் பழகிவிடும்" என்ற பயமும், வீட்டில் ஒரே கைப்பேசி பேரன் கையில் இருப்பதும், கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணின் குழலை ஒளித்துவைப்பதும் எந்தச் செயலியாலும் தானாகத் தீர்ந்துவிடாது. நான் விசாரித்த மருந்துக்கடைகளில் உணரியும் இல்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது மிகச் சாதாரணம். தினசரிக் குழலை விபூதி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்தோம். இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டிய மருந்து அது என்பதால் அந்த இடம் தோதாகவும் இருந்தது. அம்மாவின் பட்டன் போனில் காலை ஆறரை, இரவு ஒன்பது என்று இரண்டு அலாரம். ஒவ்வொரு குழலையும் பிரித்த தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதினோம், நீலத்தின் மேலும். ஞாயிறுதோறும் குப்பியின் எண்ணைப் படமெடுத்து அக்கா எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். திட்டுவதில்லை என்று நாங்கள் இருவரும் பேசிவைத்திருந்தோம். ஒரு வாரம் எண் நகராமல் இருந்தால் "என்னாச்சும்மா" என்று மட்டும் கேட்போம். ஒருமுறை பதில் வந்தது: "தொண்டையெல்லாம் கரகரங்குது கண்ணு, அதான் விட்டுட்டேன்." அதுவரை அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதம் கழித்து மருத்துவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் போனில் இருந்த படங்களை நீட்டினேன். மருத்துவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, மருந்தின் வீரியத்தைப் பழைய அளவுக்கே குறைத்து எழுதினார். பிறகு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பி, "இப்ப எப்படி இழுக்கறீங்கன்னு எனக்கு ஒருதடவை செஞ்சு காட்டுங்கம்மா" என்றார்.

அம்மா செய்து காட்டினார். பாதி மருந்து வாயோரம் புகையாக வெளியே வந்தது.

(அடுத்த வாரம்: குழலுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு ஸ்பேசர்)